அம்மாவுக்குக் கரண்ட் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எங்கே போவது?

வாசகி கேள்வி: டாக்டர், திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆன பிறகு திரும்பவும் ரத்தம் பட்டது. வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். இப்போது பயாப்சியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 3பி நிலை என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் இல்லை, 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை), வாரம் ஒரு கீமோ, கடைசியில் உள்ளே ஏதோ வைத்துக் கதிர் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சித்தப்பா, 'அரசு ஆஸ்பத்திரியில் பழைய கோபால்ட் மிஷின், உடம்பு கருகிவிடும், மனையை விற்றாவது சென்னையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ' என்கிறார். அம்மாவோ மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடியட்டும், அப்புறம் போகலாம் என்கிறார். மூன்றாம் நிலை என்றால் வைத்தியத்தில் பலன் இருக்குமா? கரண்ட் வைத்துக்கொண்டு வந்தால் என் ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கலாமா? முடி கொட்டுமா?

பதில்:

மனையை விற்க வேண்டாம். மல்லாட்டைக்காகவும் காத்திருக்க வேண்டாம். மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும் இந்த இரண்டை மட்டும் வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதலில் 3பி. கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டி இடுப்புக்குழியின் பக்கச் சுவர் வரை போயிருக்கிறது, இல்லையென்றால் சிறுநீர்க் குழாயை நெருக்கிச் சிறுநீரகத்தை வீங்க வைத்திருக்கிறது என்று அர்த்தம். லேசான விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைவிடும் நிலையும் இல்லை, குணமாக்கும் நோக்கத்தோடுதான் உங்களுக்கு இந்த வைத்தியத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் இதே 3பி நிலையில் இருந்த 850 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2018ல் முடிவு வெளியானது. கதிரோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோவும் சேர்த்துக்கொண்டவர்களில் ஐந்து வருடம் கழித்து 54 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கதிர் மட்டும் வாங்கியவர்களில் 46 சதவீதம். நம் ஊர்ப் பெண்களைப் போலவே தாமதமாக, ரத்தம் குறைந்து வந்து சேர்ந்தவர்களிடம் கிடைத்த கணக்கு இது. அதனால் 'மூன்றாம் நிலையாம், எதற்கு அலைய வேண்டும்' என்று யாராவது திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சரி, மிஷின். சித்தப்பா சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் முடிவுதான் தப்பு. கோபால்ட் மிஷினுக்குள் கதிர் வீசும் ஒரு உலோகம் இருக்கும், லினாக் என்ற புது வகை மிஷினில் அது கிடையாது, மின்சாரத்தால் எக்ஸ்ரேயை உண்டாக்குகிறார்கள். கோபால்ட் கதிரின் முழு வேகம் தோலுக்குக் கீழே அரை சென்டிமீட்டரிலேயே வந்துவிடும். சாதாரணமாகப் பயன்படுத்தும் லினாக் கதிரில் அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில். அதனால் கோபால்ட்டில் தோல் கூடுதலாகக் கறுக்கும், மறுக்கவில்லை. ஆனால் கருகி விழாது. பழைய மிஷின் என்றால் டோஸ் குறைவாகப் போகும் என்ற பயமும் வேண்டாம். கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் வருடத்தில் பாதியாகிவிடும், அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கொடுப்பார்கள், நோயாளி மேஜையில் இன்னும் சில நிமிடம் கூடப் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் மிஷின் 1957லேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து பிழைத்த பெண்களில் பெரும்பாலோர் கோபால்ட்டில் படுத்து எழுந்தவர்கள்தான்.

லினாக் கிடைத்தால் நல்லதா என்றால் நல்லதுதான். கதிரைக் கட்டியின் உருவத்துக்கு வளைத்துக் கொடுத்து, குடலையும் மூத்திரப்பையையும் முடிந்தவரை ஒதுக்கலாம். டாடா மெமோரியலிலேயே ஆபரேஷனுக்குப் பிறகு கதிர் வாங்கிய பெண்களிடம் இன்னொரு ஆய்வு செய்தார்கள், 2021ல் வந்தது. சாதாரண முறையில் கதிர் வாங்கியவர்களில் மூன்று வருடத்துக்குள் சுமார் 42 சதவீதம் பேருக்குக் குடல் தொந்தரவு வந்தது, ஐஎம்ஆர்டி என்ற நுட்ப முறையில் அது 21 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் நோய் கட்டுப்படுவதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. புது நுட்பம் குடலைக் காப்பாற்றுகிறது, நோயைக் கூடுதலாகக் கொன்றுவிடவில்லை. இதைப் புரிந்துகொண்டால் மனையை விற்கும் பேச்சு தானாக அடங்கிவிடும். அதோடு, அரசு என்றாலே கோபால்ட் என்பதும் பழைய கதை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது லினாக் வந்துவிட்டது. உங்களுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் புதுச்சேரி ஜிப்மர், இன்னொரு பக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு மருத்துவமனை, இரண்டுமே மண்டலப் புற்றுநோய் மையங்கள். போய்க் கேட்காமலே 'அங்கே ஒன்றும் இருக்காது' என்று முடிவு கட்டாதீர்கள்.

மிஷின் பெயரை விட நான் பெரிதாக நினைப்பது நாட்களை. இந்த நோய்க்கு முதல் கதிரிலிருந்து கடைசி உள்கதிர் வரை எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டி இழுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைகிறது என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம். இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் சும்மா இருக்காது, முன்பை விட வேகமாகப் பெருகும். ஆகவே மனை விற்ற காசில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, பாதியில் பணம் தீர்ந்தோ அலைய முடியாமலோ பத்து நாள் விட்டுவிடுவதை விட, கோபால்ட்டே ஆனாலும் ஒரு நாள் தவறாமல் போய் முடிப்பது எவ்வளவோ மேல்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை வைத்துக் கேளுங்கள். எப்போது ஆரம்பிப்பீர்கள்? வரிசை எத்தனை வாரம்? உள்கதிர், அதாவது பிராக்கிதெரபி, இங்கேயே உண்டா, வேறு ஊருக்கு எழுதிக் கொடுப்பீர்களா? வேறு ஊர் என்றால் தேதியை இப்போதே வாங்கித் தருவீர்களா? மிஷின் நின்றுபோனால் விட்ட நாளை எப்படி ஈடு கட்டுவீர்கள்? சனிக்கிழமை கொடுப்பது, அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேரம் விட்டு இரண்டு முறை கொடுப்பது என்று அதற்கு வழி இருக்கிறது. நல்ல துறையில் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காசு விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை காப்பு உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்லை, பட்டியலில் உள்ள தனியார் மையங்களிலும் இது செல்லும், ஆனால் வெளிக்கதிர், கீமோ, உள்கதிர் மூன்றுக்கும் ஒப்புதல் வாங்கியாயிற்றா என்று காப்பீட்டு மேசையில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் போவதானால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழு இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதத் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்துப் போட்டுத் தரும். இந்த மாதிரி விஷயங்களுக்கென்றே பல மையங்களில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். பாதிப் பேர் அவர் அறை எங்கே இருக்கிறது என்று தெரியாமலே வைத்தியத்தை முடித்துப் போய்விடுகிறார்கள். இலவசத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும். தினமும் பஸ்ஸில் போய்வருவது முதல் இரண்டு வாரம் முடியும், மூன்றாவது வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கோடு பஸ்ஸில் உட்கார முடியாது. கையில் உள்ள பணத்தைப் பக்கத்தில் ஒரு ரூம் எடுக்கவும் முட்டை, பால், மோருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன முதல் நாளே கதிர் கொடுத்துவிட மாட்டார்கள், 'அலைய விடுகிறார்கள்' என்று கோபப்படாதீர்கள். முதலில் ரத்தம் பார்ப்பார்கள். இப்படி மாதக்கணக்கில் ரத்தம் போனவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று இருப்பது சகஜம். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், அதற்கு வீட்டு ஆண்பிள்ளைகளை முன்கூட்டியே தயாராக வையுங்கள், சித்தப்பாவுக்கும் ஒரு வேலை ஆகட்டும். சிறுநீரகம் வீங்கியிருந்தால் கீமோவுக்கு முன் குழாய் வைக்க வேண்டி வரலாம். அப்புறம் சிமுலேஷன் என்று ஒரு சிடி ஸ்கேன். தினமும் எப்படிப் படுக்கப் போகிறாரோ அதே மாதிரி படுக்க வைத்து, இடுப்பில் அடையாளம் வைப்பார்கள், மையாலோ சின்னப் பச்சைக்குத்துப் புள்ளியாலோ. அந்த ஸ்கேனில் கட்டி எது, குடல் எது, மூத்திரப்பை எது என்று டாக்டர் ஒவ்வொரு படமாக வரைந்து கொடுப்பார், மருத்துவ இயற்பியலாளர் கணக்குப் போட்டு, மிஷினில் சரிபார்த்து அனுப்புவார். இதற்குச் சில நாள் ஆகும். நீங்கள் பார்க்கவே முடியாத இந்த ஆளின் கையில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

மை அடையாளத்தைச் சீயக்காயோ சோப்போ போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. லேசாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். இன்னொரு விஷயம், யாரும் சொல்லித் தர மாட்டார்கள்: பாவாடை நாடா. நம் அம்மாக்கள் நாற்பது வருடமாக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி அங்கே தோலே தடித்திருக்கும், கதிர் படும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். மூன்றாவது வாரம் அங்கே தோல் கறுத்து உரசி உரிந்து எரிய ஆரம்பிக்கும். இந்த ஐந்தாறு வாரத்துக்குத் தளர்வான பருத்தி நைட்டிதான் சரி. ஆஸ்பத்திரிக்கு நைட்டியில் வர மாட்டேன் என்று அடம் பிடித்தால் மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வரட்டும், அங்கே எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். தோலில் மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய், யாரோ கொடுத்த களிம்பு எதையும் டாக்டரைக் கேட்காமல் தடவ வேண்டாம்.

தினமும் நடப்பதைச் சொல்கிறேன், அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலான இடங்களில், படுப்பதற்கு முன் மூத்திரம் போய்விட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் போல அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். மூத்திரப்பை நிரம்பினால் சிறுகுடலை மேலே தள்ளும், குடலில் கதிர் படுவது குறையும். அதனால்தான் இந்தப் பாடு. மிஷினில் தாமதம் ஆகும், முன்னால் போன நோயாளியைப் படுக்க வைக்க நேரம் ஆகும், அம்மாவுக்கு முட்டிக்கொண்டு வரும். கூச்சப்பட்டு ரகசியமாகப் போய்விட்டு வந்து 'அடக்கித்தான் வைத்திருக்கிறேன்' என்று படுத்துவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்யாமல் டெக்னீஷியனிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள், மறுபடி தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உள்ளே போனதும் படுக்க வைத்து, சிவப்புக் கோடு மாதிரி தெரியும் லேசர் வெளிச்சத்தை இடுப்பு அடையாளத்தோடு பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், கனமான கதவு மூடும். அந்த நிமிடத்தில் தனியாக விட்டுவிட்டார்களே என்று பயப்படுகிறவர்கள் அதிகம். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், மைக்கில் பேசலாம், கை தூக்கினால் நிறுத்திவிடுவார்கள். சூடு தெரியாது, ஷாக் அடிக்காது, வலிக்காது. மிஷின் சத்தம் மட்டும் கேட்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். ஆடையை விலக்க வேண்டியிருக்கும் என்பதால் பெண் டெக்னீஷியன் அல்லது பெண் உதவியாளர் கூட இருக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வாரம் ஒரு நாள் கீமோ. சிறுநீரகமும் ரத்த அணுக்களும் சரியாக இருந்தால்தான் போடுவார்கள், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பதற வேண்டாம், கதிர் மட்டும் நிற்காமல் ஓடட்டும். இந்தக் கீமோவில் வாந்தி உமட்டல் வரலாம், காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். தலைமுடி மொட்டையாகக் கொட்டாது, கொஞ்சம் மெலியலாம். கதிர் படும் இடத்து முடிதான் விழும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு, மூத்திர எரிச்சல், அசதி மூன்றும் கை கோத்துக்கொண்டு வரும். அப்போது கீரை, கேழ்வரகு, பயறு என்று 'சத்தாக' ஊட்டாதீர்கள். குழைந்த அரிசிச் சோறு, தயிர், மோர், இட்லி, முட்டை, வாழைப்பழம், உப்பு சர்க்கரைக் கரைசல் போதும். நாளுக்கு ஐந்தாறு தடவைக்கு மேல் போனாலோ காய்ச்சல் வந்தாலோ வாராந்திரப் பரிசோதனை நாள் வரட்டும் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும். சித்த மருந்து, லேகியம், இணையத்தில் பார்த்த கஷாயம் எல்லாவற்றையும் இந்த எட்டு வாரம் நிறுத்தி வையுங்கள். சித்த வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் படுத்துகிறது, அதோடு என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியையும் சேர்த்தால் எதனால் கெட்டது என்று கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நான் அதிகம் பயப்படும் கட்டத்துக்கு வருகிறேன். வெளிக்கதிர் ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே ரத்தப்போக்கு பெரும்பாலும் நின்றுவிடும். நாற்றம் போய்விடும். இடுப்பு வலி குறையும். 25 நாள் முடியும்போது, அசதியைத் தவிர, அம்மாவுக்கு 'எனக்குச் சரியாகிவிட்டது' என்ற எண்ணம் வந்துவிடும். உள்ளே கருவி வைப்பார்களாமே என்ற பயமும் சேரும். 'ஊருக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன்' என்று கிளம்புவார்கள், சிலர் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பி வருகிறார்கள், மறுபடி ரத்தப்போக்கோடு. அப்போது எங்களிடம் பெரிதாக வழி இருப்பதில்லை, ஏனென்றால் அதே இடத்தில் மறுபடி முழுக் கதிர் கொடுக்க முடியாது. உள்கதிர் என்பது கூடுதலாக ஒரு உபசாரம் இல்லை. கட்டி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மட்டும் பெரிய டோஸைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அது. வெளியிலிருந்து அவ்வளவு கொடுத்தால் குடல் தாங்காது. அது இல்லாமல் இந்த வைத்தியம் பாதி வைத்தியம்தான்.

அதில் என்ன செய்வார்கள் என்றால், முதுகில் ஊசி போட்டோ மயக்கம் கொடுத்தோ, கர்ப்பப்பை வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயையும் பக்கத்தில் இரண்டு குழாய்களையும் வைத்து, அசையாமல் இருக்கத் துணி அடைத்துவிடுவார்கள். பிறகு ஸ்கேன், கணக்கு. இந்தக் காத்திருப்புதான் கஷ்டம், சில மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பிறகு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இரிடியம் துண்டு ஒரு கம்பியின் நுனியில் குழாய்க்குள் தானாகப் போய் நிற்கும், சில நிமிடம் முதல் கால் மணி வரை, பிறகு மிஷினுக்கே திரும்பிவிடும். குழாய்களை எடுத்துவிடுவார்கள். மொத்தம் இரண்டு முதல் நாலு தடவை, மையத்துக்கு மையம் மாறும். முதல் நாள் வெளிக்கதிருக்குப் போகும்போதே இந்தத் தேதிகளையும் சீட்டில் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பேரனைத் தூக்கலாமா? தாராளமாக. வெளிக்கதிர் டார்ச் வெளிச்சம் மாதிரி, அணைத்துவிட்டால் உடம்பில் எதுவும் மிச்சம் இருக்காது. உள்கதிரிலும் இரிடியம் திரும்பிப் போய்விடுவதால் அப்படியே. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர் அயோடின் குடிக்கிறார்கள் பாருங்கள், அவர்கள்தான் சில நாள் குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். யாரோ அதைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கவனம்: பையனுக்குச் சளி, காய்ச்சல் இருக்கும்போது தள்ளி வையுங்கள், கீமோவில் பாட்டிக்குத்தான் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்.

முடிந்த பிறகு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு விரிவாக்கும் கருவியைப் பயன்படுத்தச் சொல்லித் தருவார்கள். தாம்பத்யத்துக்காக மட்டுமில்லை, டாக்டர் உள்ளே பரிசோதித்துப் பார்ப்பதற்கும் அது தேவை, கேட்க வெட்கப்பட்டால் நீங்கள் கேளுங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று முடிவு செய்து உள்ளூரில் வைத்தியம் பார்க்காதீர்கள். கதிர் வாங்கிய இடத்து மலக்குடலில் தெரியாமல் சதை எடுத்துச் சோதித்தால் ஆறாத துவாரம் விழக்கூடும். எங்கே போனாலும் இடுப்பில் கதிர் வாங்கியவர் என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, சிகிச்சைச் சுருக்கத் தாளைக் காட்டுங்கள். அதை லேமினேட் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இது பெரும்பாலும் எச்பிவி வைரஸால் வருவது, அம்மா செய்த பாவமும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை. உங்களுக்கு 30 வயது ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள், சில நிமிட வேலை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலையும் இந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள் அதையும் முடித்துவிடுங்கள், வீட்டில் இருக்கும் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மல்லாட்டையை ஆள் வைத்துப் பிடுங்கிக்கொள்ளலாம், அம்மாவை இந்த வாரமே கூட்டிப் போங்கள்.